இருபது மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்ரலும் ஏழாம் தாளும்

1994 மே 12ஆம் திகதியிட்ட அந்தக் கடிதம் யூலை 5, செவ்வாய்க்கிழமை எங்கள் வலிகாமத்துத் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஐம்பத்துநான்கு நாட்கள். தட்டச்சில் ஒரே பக்கம். அன்று பின்னேரமே அதை என் கொப்பியில் சொல்லுக்குச் சொல் பிரதி பண்ணிக்கொண்டேன். அதன் சாரம் இதுதான்: பரீட்சகர்கள் கேட்டபடி கணக்கீடுகளை முன்னையதிலும் நெருக்கமான கட்டங்களில் மறுபடி செய்யவேண்டும். இருபது நிலைமைகளுக்குமான பெறுபேறுகள் ஒக்டோபர் 31இற்குள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் பதிவு காலாவதியாகும். மீண்டும் தவணை கொடுக்க விதியில் இடமில்லை.

கடிதம் எனக்கு வந்ததல்ல. என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி, பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்த கணித ஆசிரியருக்கு வந்தது. ஊரில் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே அழைத்தார்கள். என்னைவிட ஐந்து வயது இளையவர் என்றாலும் நானும் அப்படித்தான் அழைத்தேன். அவர் என்னை அண்ணை என்பார். நான் அப்போது அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞன். அந்த நாட்களில் வரைவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கட்டடங்கள் விழுந்துகொண்டிருந்தனவே தவிர எழும்பவில்லை. ஆகவே நேரம் இருந்தது. பழைய காணி உறுதிகளையும் தோம்புகள் என்ற நிலப்பதிவேடுகளையும் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசிப்பதும், நடப்பதைத் திகதியோடு எழுதி வைப்பதும் என் வழக்கம்.

மாஸ்ரர் 1984 முதல் 1989 வரை மாதம் ஒருமுறை வலிகாமத்தில் முப்பது கிணறுகளுக்குச் சைக்கிளில் போய் நீர்மட்டம் அளந்து, போத்தலில் தண்ணீர் எடுத்து உப்புப் பார்த்து வந்தவர். சில மாதங்களில் நானும் கூடப் போய் அளவுக்கயிற்றைப் பிடித்திருக்கிறேன். எங்களூர் உறுதிகளில் காணியை எழுதும்போதே கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்காலில் இத்தனை பங்கு என்று எழுதிவிடுவார்கள். தண்ணீர் உவராகிப்போனால் அந்தப் பங்கு யாருக்கு என்று எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. மாஸ்ரர் கேட்டது அதற்கு முந்திய கேள்வி: இந்த அளவில் இறைத்தால், இந்த அளவு மழை பெய்தால், கடலுப்பு எந்தக் கிணற்றுக்கு எப்போது வரும். நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து அதை ஒரு கணக்காக்கி, தபால் மூலம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பட்டம் கிடைத்தால் அங்கேயே உதவிப்பணத்தோடு ஓர் இடம் தருவதாக மேற்பார்வையாளர் முன்பே எழுதியிருந்தார். மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வெளியேற அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். அந்த வீட்டில் வருங்காலத் திகதி போட்ட காகிதம் அந்தக் கடிதம் ஒன்றுதான் இருந்தது.

கணக்கைச் செய்யும் கணினி வீட்டிலேயே இருந்தது. 1988இல் வகுப்பு நடத்துவதற்காகக் கொழும்பிலிருந்து இறக்கிய 286. வேகம் எட்டு மெகாஹேர்ட்ஸ். 1990 நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் மூண்டு மின்சாரம் நின்றது. அதன்பின் அது ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டு, மேலே மடித்த உடுப்புகள் வைக்கும் மேசையாகியிருந்தது. விரிப்பை எடுத்தபோது விசைப்பலகையின் இடுக்குகளில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை ஓர் ஊசியால் தோண்டி எடுக்க அவருக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

கணக்கு எளிமையானது. இவ்வளவு இறைப்பு, இவ்வளவு மழை என்ற ஒரு நிலைமையை நெருக்கமான கட்டங்களில் கணிக்க அந்தக் கணினிக்குப் பத்து மணித்தியாலம் வேண்டும். அதை நாங்கள் ஓர் ஓட்டம் என்றோம். இருபது ஓட்டத்துக்கு இருநூறு மணித்தியாலம். ஜெனரேற்றர் மணிக்கு அரை லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கும். ஆக நூறு லீற்றர். அவருடைய கூப்பனுக்குக் கிடைத்தது, என் கூப்பனுக்குக் கிடைத்தது, இரண்டு உறவினரிடம் கேட்டு வாங்கியது எல்லாம் சேர்த்து யூலை 20இல் எண்பத்திரண்டு லீற்றர் இருந்தது. பொருளாதாரத் தடை இருந்ததால் அதற்குமேல் ஒரு லீற்றரும் வர வழியில்லை. ஒருநாள் முழுவதும் அந்த எண்ணெய்க் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாஸ்ரர் சொன்னார், எண்ணெயைக் கூட்ட ஏலாது, ஆகவே கணினியைத்தான் விரைவாக்கவேண்டும் என்று.

அதற்கு வழி உண்டென்று அவர் எங்கோ வாசித்திருந்தார். கணினியின் மூளையான செயலிக்குத் தாளம் போட்டுக்கொண்டிருப்பது ஒரு சிறு தகரப்பெட்டி போன்ற கிறிஸ்ரல். அதைக் கழற்றிவிட்டு வேகமான கிறிஸ்ரல் ஒன்றை ஈயத்தால் பற்றுவைத்தால் செயலியும் வேகமாக ஓடும், ஓட முடிந்தால். எட்டுக்கென்று செய்த செயலி பத்தில் ஓடினால் இருநூறு மணித்தியாலம் நூற்றறுபதாகக் குறையும். எண்பது லீற்றர் போதும்.

கிறிஸ்ரல் கிடைத்தது திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் பழைய இரும்பு வாங்குபவரிடம். பட்டினத்தில் குண்டு விழுந்த ஒரு கட்டடத்திலிருந்து வந்த சாமான்களுக்குள் பாதி எரிந்த கணினி அட்டை ஒன்று கிடந்தது. பத்து மெகாஹேர்ட்ஸ் கணினி ஒன்றினது. அதிலிருந்த செயலி வெடித்துப் பிளந்திருந்தது. இருபது மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்ரல் மட்டும் கறுத்துப்போய்த் தப்பியிருந்தது. செயலி அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் இருபது என்றால் பத்து. அட்டையைத் தூக்கிப் பார்த்த கடைக்காரர் அது பித்தளையுமில்லை ஈயமுமில்லை என்று சும்மா கொடுத்துவிட்டார்.

யூலை 24, ஞாயிற்றுக்கிழமை, ஒரு பற்றுக்கோலை அடுப்பில் காய்ச்சி மாஸ்ரர் கிறிஸ்ரலை மாற்றினார். கூடுதலாக ஓடினால் செயலி கூடுதலாகச் சுடும். அந்தச் சூட்டை இழுக்க ஓர் உலோகத் துண்டு மேலே வேண்டும் என்று வீட்டைச் சுற்றித் தேடி, கடைசியில் அலுமினிய மூடி ஒன்றை வெட்டி நூலால் கட்டினார். மனைவி அதைக் கண்டது மத்தியானம்.

“சோத்துப்பானை மூடியை வெட்டிப்போட்டு நிக்கிறியள். இனிச் சோறு வடிக்கிறதுக்கு உந்தக் கொம்பியூட்டரைத் தூக்கிக் கவிழ்க்கிறதோ?” என்றார்.

“ஒரு மாதம் பொறும்,” என்றார் மாஸ்ரர்.

“பத்து வருசம் பொறுத்தாச்சு. மூடிக்கும் சேர்த்துப் பொறுக்கிறன்.”

ஜெனரேற்றரை வாடகைக்கு விடுபவர் குருநகர்க்காரர். 1990 வரை கடலில் படகு மோட்டர் ஓட்டியவர். கரையோரத்து வீடு செல்குண்டு விழுந்து போனபின் குடும்பத்தோடு எங்கள் ஒழுங்கையின் முடிவில் வந்திருந்தார். கலியாணம், சாமத்தியம், வீடியோப் படம் எல்லாவற்றுக்கும் அவருடைய மெசின்தான். ஆகையால் அவர் பெயர் மெசின்காரர். மண்ணெண்ணெயில் மோட்டர் ஓட்டுவதில் அவரைப்போல் கைவந்தவரை நான் காணவில்லை. பெற்றோலில் ஒரு மூடியளவு ஊற்றிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். மெசினின் தாங்கி சிறியது என்பதால் வேப்பங்கொப்பில் ஒரு சேலைன் போத்தலைக் கட்டித் தூக்கி, குழாய் வழியே எண்ணெயைச் சொட்டவிட்டார்.

மாஸ்ரர் தனக்கு நல்ல சீரான கரண்ட் வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார்.

“மாஸ்ரர், என்னட்டை இல்லாத சாமான் அது ஒண்டுதான். நான் தாறது புகையும் சத்தமும். அதுக்குள்ளாலை கொஞ்சம் கரண்டும் வரும்.”

“எவ்வளவு வருதெண்டு எப்பிடித் தெரியும்?”

“பல்ப் இருக்கெல்லே. பல்ப் சிரிச்சால் காணும்.”

அதுதான் அந்த நாட்களில் எங்கும் நடந்த முறை. ஒரு பலகைத் துண்டில் அறுபது வாற் பல்பை மாட்டி அதே வயரில் தொடுத்துவிடுவார்கள். பல்ப் மங்கினால் மோட்டரை ஏற்றுவது, கண்ணைக் குத்தினால் இறக்குவது. ஒரு பூட்டிய அறைக்குள் பல்பை வைத்துவிட்டு, கதவை நீக்கிப் பார்த்து, வெளியே நிற்பவருக்குக் கையைக் காட்டுவது என் வேலையாயிற்று. என் கொப்பியில் கோடு போட்டு நிரல்கள் பிரித்தேன்: திகதி, ஓட்டத்தின் இலக்கம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எண்ணெய், வேறு குறிப்பு. மெசின்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கணக்கப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார். வோல்ற்றளவுக்கென்று ஒரு நிரல் நான் போடவில்லை. அளக்கும் கருவி எங்களிடம் இருக்கவுமில்லை. பல்ப் எரிந்தது, அது போதுமென்றிருந்தது.

யூலை 27இல் ஒரு பரீட்சை ஓட்டம். 1989இல் மின்சாரம் இருந்தபோது செய்த ஒரு சிறு கணக்கை மறுபடி ஓட்டி, பழைய அச்சுத்தாளோடு வரி வரியாக ஒப்பிட்டோம். நான் வாசிக்க அவர் பார்த்தார். இருபத்தைந்து நிமிடக் கணக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது. ஓர் இலக்கம்கூட மாறவில்லை. மாஸ்ரர் எழுந்து முற்றத்துக்குப் போய் வாளியில் தண்ணீர் அள்ளி முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் என்று சொல்லக்கூடியதை நான் கண்ட கடைசி நாள் அதுவாக இருக்கலாம்.

பள்ளி விடுமுறை. ஓகஸ்ட் 1, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதலாவது ஓட்டம் தொடங்கியது. மூன்று மணிக்கு முடிந்தது. அதன்பின் நாளுக்கொன்று. திரையை எரியவிட்டால் எண்ணெய் போகும் என்று தொடங்கியதும் அணைத்துவிடுவார். மத்தியானம் ஒருமுறை மட்டும் போட்டுப் பார்ப்பார். படத்தின் ஓரங்கள் உள்ளே சுருங்கி, நாலு பக்கமும் ஒரு விரலகலம் கறுப்பாக இருப்பதை நான் காட்டினேன். அது கிடந்து பழுதுபட்ட திரை என்றார். நாலு வருடம் சும்மா கிடந்த எந்தச் சாமானுக்கும் அப்படிச் சொல்லலாம் என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் விமானம் சுற்றியதால் ஓட்டத்தை நிறுத்திப் பங்கருக்குள் இறங்கவேண்டியிருந்தது. அந்த ஓட்டங்களை மறுநாள் முதலிலிருந்து தொடங்காமல், வட்டில் சேமித்த இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மெசின்காரர் நாளாக நாளாக மோட்டரை இறக்கிக்கொண்டே வந்தார். எங்களுக்கு நன்மை செய்வதாகவே அதைச் செய்தார். நாலு லீற்றர் குடிக்கவேண்டிய ஓட்டம் மூன்றரையில் முடிந்தது. ஏழாவது ஓட்டம், ஓகஸ்ட் 8, மூன்று லீற்றர் நூறு மில்லி என்று எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் குறைந்தது அதுதான். அன்று கதவை நீக்கிப் பார்த்தபோது பல்ப் நன்றாக எரிந்ததாக எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது.

இருபது ஓட்டமும் ஓகஸ்ட் 24இல் முடிந்தன. ஓட்டத்துக்கு ஒரு தாளாக இருபது தாள். பிறின்ரரின் நாடா காய்ந்துபோயிருந்ததால் சைக்கிளுக்கு விடும் எண்ணெயைத் தொட்டுத் தடவி அச்சடித்தோம். ஒரு பிரதி என்னிடம் நின்றது. மற்றதை 27ஆம் திகதி கிளாலிக் கடல் கடந்து கொழும்புக்குப் போகும் ஓர் ஆசிரியையிடம் கொடுத்தார் மாஸ்ரர். அவர் அங்கிருந்து விமானத் தபாலில் போடுவதாக ஏற்பாடு. பரீட்சை ஓட்டத்துக்கும் அச்சடிப்புக்கும் வீட்டு விளக்குகளுக்கும் போனது போக எண்ணெயில் எஞ்சியது மூன்று லீற்றர். அறுபத்தைந்து நாள் தவணையும் கையில் இருந்தது. அந்த இரண்டு கிழமையும் மாஸ்ரர் கதைத்ததெல்லாம் அங்குள்ள குளிரைப் பற்றி.

செப்டெம்பர் 9, வெள்ளிக்கிழமை, தாயின் ஆட்டைத் திவசத்துக்காக மாஸ்ரரின் அக்கா கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். பதினைந்து வருடமாகக் கொழும்பில் இருப்பவர். மகனின் கலியாண வீடியோவைத் தன் தகப்பனுக்குக் காட்டவென்று கொண்டுவந்திருந்தார். அதற்காக மெசின்காரர் ஒரு மணித்தியாலத்துக்கு மெசினைக் கொண்டுவந்து வைத்தார். பின்னேரம் ஆறரை இருக்கும். பல்பும் பலகையும் விறாந்தையில் இருந்தன. அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று பல்பைப் பார்த்தார்.

“ஏன்ரா தம்பி, உது ஏன் உப்பிடி அழுது வடியுது?”

“எது?”

“உந்த பல்ப்.”

மெசின்காரருக்கு அது பிடிக்கவில்லை. “அக்கா, இது நல்ல வெளிச்சம். உதுக்குள்ளை ஊசியிலை நூல் கோக்கலாம்.”

“கோக்கலாம், கோக்கலாம். உங்கடை கண்ணெல்லாம் போத்தல் விளக்குக்குப் பழகிப்போச்சு. கொழும்பிலை உப்பிடி எரிஞ்சால் நாங்கள் லைற்றுக் கந்தோருக்கு போன் எடுப்பம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மெசின்காரரும் சிரித்தார். மாஸ்ரர் சிரிக்கவில்லை. வீடியோவில் மாப்பிள்ளை மணவறைக்கு வருமுன்பே எழுந்து என்னை வெளியே கூப்பிட்டார். ஒழுங்கையில் நின்று கேட்டது ஒன்றுதான்: அறுபது வாற் பல்ப் முந்தி எப்படி எரிந்ததென்று எனக்கு ஞாபகம் இருக்கிறதா. நான் யோசித்தேன். மின்சாரம் நின்ற நாளின் திகதி தெரியும், நேரம் தெரியும். வெளிச்சம் ஞாபகத்தில் இல்லை.

சந்தியில் ரேடியோ திருத்துபவரிடம் ஒரு மீற்றர் இருந்தது. பற்றறி இல்லை, ஆனால் வோல்ற் அளக்க அதற்குப் பற்றறி வேண்டியதில்லை. நாலு வருடமாக அது கிட்டத்தான் இருந்திருக்கிறது, நாங்கள் கேட்டதில்லை. மறுநாள் அதைக் கொண்டுவந்து, மெசின்காரரை எப்போதும் போல் ஓட்டச் சொன்னோம். பல்ப் சிரித்தது. ஊசி நூற்றறுபதில் நின்றது. மாஸ்ரர் கையால் மேலே மேலே என்று காட்ட, மோட்டர் கத்தத் தொடங்கி, ஊசி இருநூற்று முப்பதைத் தொட்டபோது மூன்று பேருமே முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

“சூரியனைப் பிடிச்சுக் கட்டின மாதிரிக் கிடக்கு,” என்றார் மெசின்காரர், மெதுவாக.

மாஸ்ரர் கணினியின் உள்ளே அளந்தார். செயலிக்கு ஐந்து வோல்ற் போகவேண்டிய இடத்தில், நூற்றறுபதில் ஓட்டும்போது நாலரைதான் போய்க்கொண்டிருந்தது. அவர் மீற்றரை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தார்.

“எட்டு மூட்டை தூக்கிறவனைப் பத்துத் தூக்கச் சொன்னம் அண்ணை. சொல்லிப்போட்டுச் சாப்பாட்டையும் குறைச்சிருக்கிறம்.”

அதனால் பிழை வந்திருக்கவேண்டுமென்று கட்டாயமில்லை. வந்திருக்கலாம். அதை அறிய ஏதாவது ஓர் ஓட்டத்தைச் சரியான வோல்ற்றில் மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். ஏழாவதை எடுத்தோம், குறைந்த எண்ணெயில் ஓடியது அது என்பதால். மோட்டரை ஏற்றி ஓட்டினால் ஐந்து லீற்றர் வேண்டும், இருந்தது மூன்று. செப்டெம்பர் 14, புதன்கிழமை காலை, மாஸ்ரரின் மனைவி வீட்டு விளக்குகளுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் மூன்று போத்தலைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்தார். ஏழு ஐந்துக்குத் தொடங்கியது. மூன்று பத்துக்கு முடிந்தது.

முப்பது கிணறுகளில் இருபத்தாறுக்குப் பழைய தாளும் புதிய தாளும் ஒன்றாகவே இருந்தன. நான்கு மாறின. நான்கும் கடற்கரைப் பக்கமாக ஒரே வரிசையில் உள்ளவை. 22ஆம் இலக்கக் கிணற்றின் உப்பளவு முதல் தாளில் லீற்றருக்கு 412 மில்லிகிராம். இப்போது 437.

அதற்குமேல் எண்ணெய் இல்லை. மற்றப் பத்தொன்பது தாளில் எது சரி, எது பிழை என்று பார்க்க இன்னும் தொண்ணூறு லீற்றருக்கு மேல் வேண்டும். அது வருவதாக இருந்தால் இந்தக் கிறிஸ்ரல் வேலையே தேவைப்பட்டிராது.

அன்று பின்னேரம் விறாந்தையில் நாலு பேர் இருந்தோம். மாஸ்ரரின் மனைவி, அனுப்பியது அனுப்பியதுதான், பரீட்சகர்கள் என்ன கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்கப்போகிறார்களா என்று கேட்டார். நாலு கிணற்றுக்காகத் தன் பிள்ளை பங்கருக்குள் வளரவேண்டுமா என்றும் கேட்டார். மெசின்காரர் தன்னால் வந்தது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்றபடி கதைத்தார்.

“வலையைப் போட்டாப் பிறகு அதிலை ஓட்டை கிடக்கெண்டு ஆரும் கத்துறதில்லை மாஸ்ரர். வாற மீனைப் பாக்கிறதுதான்.”

மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார். “அண்ணை, நீங்களெண்டால் எழுதுவியளோ?”

“ஓம்,” என்றேன். “எழுதுவன்.”

அவ்வளவுதான் நான் சொன்னது. பிழையென்று தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பது பிழையான தாளில் மறுபடி கையெழுத்து வைப்பதற்குச் சமம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதில் எனக்கு மாற்றமில்லை. மாறியது வேறொன்று.

செப்டெம்பர் 17, சனிக்கிழமை, அவர் ஆங்கிலத்தில் கடிதத்தை எழுதினார். ஆறு மாதத் தவணை கேட்டார். ஏழாம் தாள் பிழையாக இருக்கலாம் என்றும், மற்றவை மறுபடி பார்க்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தார். சுத்தமாகப் பிரதி பண்ணித் தரும்படி என்னிடம் கொடுத்தார். என் எழுத்து நல்ல எழுத்து. பிரதி பண்ணும்போது, இருக்கலாம் என்று எழுதினால் மழுப்புவதுபோல் படும், கையில் இரண்டு தாள் இருக்கையில் நிச்சயமாகப் பிழை என்றே எழுதுவோம் என்று சொன்னேன். அவர் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். அப்படியே எழுதினேன். திரும்பிப் போகும் அக்காவிடம் கடிதம் போனது.

பதில் நவம்பர் 21ஆம் திகதியிட்டது. 1995 ஜனவரி 26, வியாழக்கிழமை வந்தது. முதலாவது பொதி ஒக்டோபர் 6ஆம் திகதி, தவணைக்கு முன்பாகவே, ஒழுங்காகக் கிடைத்ததென்று அதில் இருந்தது. ஆனால் விண்ணப்பதாரியே தன் பெறுபேறு நிச்சயமாகப் பிழை என்று அறிவித்திருப்பதால் அதைப் பரீட்சகர்களுக்கு அனுப்ப இயலவில்லை. சரியான பெறுபேறுகள் குறித்த நாளில் கிடைக்கவில்லை. பதிவு காலாவதியாகிவிட்டது. கடைசி வரியில் எதிர்காலத்துக்கு வாழ்த்து.

மாஸ்ரர் அதைப் படலையடியில் நின்றே வாசித்தார். மடித்து உறையில் போட்டார். நான் அருகில் நின்றேன்.

“திகதியைக் குறிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை,” என்றார்.

அவர் அதை எப்படிச் சொன்னார் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நாளும் வகுப்புக்குப் போனார். என்னோடு கதைப்பதை நிறுத்தவுமில்லை. ஆனால் கிணறுகளைப் பற்றிக் கதைக்கவில்லை. அவருடைய மனைவி என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார், உள்ளே வாங்கோ என்று சொல்லமாட்டார். மெசின்காரர் மட்டும் ஒருமுறை, மோட்டரை ஏற்றியே ஓட்டியிருக்கலாம் என்றார். ஏற்றியிருந்தால் எண்ணெய் பதினாறாவது ஓட்டத்தோடு முடிந்திருக்கும் என்று நான் கணக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30 வந்தது. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்ததை அறியாதவர்கள் இல்லை. மாஸ்ரர் சைக்கிளில் ஒரு பக்கம் மகளையும் மறுபக்கம் உடுப்புப் பெட்டியையும் வைத்துத் தள்ளினார். கணினியும் கணக்குக்கான கணினி நிரல் இருந்த வட்டுகளும் வீட்டோடு நின்றன. கொடிகாமத்தில் இரண்டு கிழமை ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பிறகு அவர்கள் வன்னிக்குப் போனார்கள். நான் போகவில்லை. பின்னர் திருநெல்வேலிக்குத் திரும்பியபோது அந்த வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. உள்ளே சாமான் எதுவும் இருக்கவில்லை. நான் சுமந்து போய்ச் சுமந்து வந்த பைக்குள் கொப்பிகளும், இருபது தாள்களின் பிரதியும், மறுபடி ஓட்டிய ஏழாம் தாளும் இருந்தன.

இந்தக் குறிப்பை எழுதுவதற்காக 1994ஆம் ஆண்டுக் கொப்பியைத் திரும்ப வாசித்தேன். செப்டெம்பர் 14ஆம் திகதியின் ‘வேறு குறிப்பு’ நிரலில் என் கையெழுத்தில் இரண்டு வரிகள் உள்ளன. 11.30: விளக்கு மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. 11.40: மோட்டர் இருமியது, பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கியது, பிறகு சரி. விளக்குப் போத்தல்களின் அடியில் தண்ணீர் நிற்பதுண்டு. அந்த நேரம் மீற்றரை யாரும் பார்க்கவில்லை. உள்ளே செயலிக்கு அந்தக் கணம் எத்தனை வோல்ற் போனது என்றும் தெரியாது. ஓகஸ்ட் 8ஆம் திகதிக்கு எதிரே அந்த நிரல் வெறுமையாக இருக்கிறது. அன்று குறைந்த வோல்ற்றில், ஆனால் ஒரு தடங்கலுமின்றி எட்டு மணித்தியாலம் ஓடியிருக்கிறது.

இரண்டு தாளும் வேறுபட்டன என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதுதான் சரியென்று மூவரும் எடுத்துக்கொண்டோம். நிச்சயமாக என்ற சொல்லை நான் போட்டேன். மூன்றாவது முறை ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஓட்ட அந்தக் கணினி நிரலும் இல்லை. 22ஆம் இலக்கக் கிணற்றுக்குச் சரியான விடை 412ஆ, 437ஆ என்பது சரிபார்க்கப்படவில்லை.